எட்டு வயதில் வடம் பிடிக்கலாம்

எங்கள் ஊர்த் தேர் பெரிய தேர் அன்று. திருவாரூர் ஆழித்தேரைக் கண்டு பழகியவர்கள் இதனைத் தேர் என்று சொல்லவே சற்றுத் தயங்குவார்கள். அலங்காரம் முடிந்து நிற்கையில் அது 96 அடி உயரம். எங்களுடையது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆயினும் வைகாசிப் பெருவிழாவின் ஒன்பதாம் நாள் காலையில் சோமாஸ்கந்தர் அதில் எழுந்தருளி, நான்கு வீதிகளும் வலம் வந்து நிலைக்குத் திரும்பும் வரையில், எங்கள் ஊரில் எவர் வீட்டிலும் உலை வைப்பதில்லை.

சென்னையில் வாழும் என் மகள், ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் குழந்தையுடன் தேருக்கு வந்துவிடுவாள். பேத்திக்கு ஐந்து வயது நடந்தபோது, என் தோளில் அமர்ந்து தேர் பார்த்துக்கொண்டிருந்தவள், "நானும் இழுக்கணும் தாத்தா" என்றாள். வடத்தருகே நெரிசல், எங்கு பார்த்தாலும் ஓடுகிற கால்கள். "எட்டு வயது ஆகட்டும், வடம் பிடிக்கலாம்" என்று சொல்லிவைத்தேன். எட்டு என்னும் கணக்குக்கு எந்தச் சாத்திரமும் ஆதாரமில்லை. வாயில் வந்தது, சொன்னேன். பெரியவர்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கும் தவணைகள் பெரும்பாலும் இத்தகையனவே. மறந்துவிடுவார்கள் என்னும் துணிவுதான் காரணம். அவள் மறக்கவில்லை. ஆறு வயதில், "இன்னும் ரெண்டு தேர்" என்றாள். ஏழு வயதில், "அடுத்த தேர்" என்றாள்.

அந்த ஆண்டு புரட்டாசியில், நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டிக்கொண்டிருந்த வேளையில் மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. குழந்தைக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது; கால்களில் நீலம் பாய்ந்த தழும்புகள்; முகம் வெளுத்துப் போயிருக்கிறது. விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்றே முதலில் எண்ணியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையும் எலும்பு மச்சைப் பரிசோதனையும் வேறு சொல்லின. அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த நான், அந்தப் பெயரைப் பிழையின்றிச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுவே என்றும், மச்சையில் முதிராத வெள்ளை அணுக்கள் பெருகி மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன என்றும், இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள் மருத்துவம் முழுமையாக நடந்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகிறார்கள் என்றும் மருத்துவர் அம்மையார் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலோர் என்றால் எல்லோரும் அல்லர் என்பதைத் தமிழாசிரியனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் அடையாறு வழியே செல்லும்போதெல்லாம், 1954-ஆம் ஆண்டு அங்கே புற்றுநோய்க்கென்று மருத்துவமனை தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நினைத்துக் கைகூப்புவேன். தம் சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த நாளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்குச் சில மாதங்களே ஆயுள். என் பேத்தி பிந்திப் பிறந்தாள்; அதுவே முதல் அருள் என்று கொண்டேன்.

மற்ற அருளுக்கெல்லாம் நாங்கள் வேண்டுதல்களை அடுக்கினோம். புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன்கோயில் எங்களுக்குத் தொலைவன்று. சடாயுவும், இருக்கு வேதமும், முருகப்பெருமானும், சூரியனும் வழிபட்ட தலம். அங்கே ஈசனே வைத்தியநாதன். குழந்தை குணமடைந்தால் முடி இறக்குகிறோம் என்று என் மனைவி தையல்நாயகி சந்நிதியில் முடிந்துகொண்டாள். நான் திருக்கடவூருக்கும் சென்றேன். என் அறுபதாம் ஆண்டு நிறைவை அங்கேதான் கொண்டாடினோம். அன்று நீண்ட ஆயுள் வேண்டி நின்ற அதே காலசங்காரமூர்த்தியின் முன்னால், மிச்சமிருக்கும் என் ஆயுளை எடுத்துக் குழந்தைக்குக் கொடு என்று நின்றேன். மார்க்கண்டேயனுக்குப் பதினாறாவது வயது வரை தவணை இருந்தது. இவளுக்கு எட்டுகூட ஆகவில்லையே என்று வழக்கும் பேசினேன்.

வைத்தீஸ்வரன்கோயிலில் திருச்சாந்துருண்டை பிரசாதம் உண்டு என்பதை அன்பர்கள் அறிவர். அதனைப் பட்டுத்துணியில் முடிந்துகொண்டு சென்னைக்கு விரைந்தேன். மருத்துவர் அம்மையார் கைகளில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு, "ஐயா, இதை வாயில் மட்டும் கொடுக்க வேண்டாம். நெற்றிக்குத் திருநீறு இடுங்கள், போதும்" என்றார். கொதிக்கவைத்த நீர், சுடச்சுடச் சமைத்த உணவு, அறையில் பூ கூடாது, கூட்டம் கூடாது. மருந்தின் வேகத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் அற்றுப்போகும் நாட்கள் உண்டு; நியூட்ரோஃபில் என்னும் அணு ஐந்நூறுக்குக் கீழே இறங்கினால் நமக்குத் தும்மலாக இருப்பது குழந்தைக்கு ஆபத்தாகலாம். எனக்குக் கோபம் வந்தது. வைத்தியநாதன் பிரசாதத்துக்கே தடையா என்று படியிறங்கும் வரை முணுமுணுத்தேன். அந்த உருண்டைகள் அவ்வாறே எங்கள் பூசையறையில் இருந்தன.

மூன்றாம் வாரத்தில் குழந்தையின் தலைமுடி உதிரத் தொடங்கிற்று. தலையணை முழுதும் முடி. ஸ்டீராய்டு மருந்தால் முகம் ஊதி, நள்ளிரவில் பசி என்று எழுந்து தயிர்சாதம் கேட்பாள். என் மனைவி உதிர்ந்த முடியைச் சேகரித்து ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டு அழுதாள். வேண்டுதலை நிறைவேற்ற இனி என்ன இருக்கிறது என்பது அவள் துக்கம்.

பங்குனியில் பிறந்தநாள் வந்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே எட்டு வயது நிறைந்தது. அன்று, கடும் நோயுற்ற குழந்தைகளின் ஆசைகளைக் கேட்டு நிறைவேற்றும் தொண்டு அமைப்பிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். இந்த வழக்கம் எப்படித் தோன்றிற்று என்பதை அவரே எங்களுக்குச் சொன்னார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் போலீஸ்காரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டானாம். அம்மாநிலக் காவலர்கள் அவன் அளவுக்குச் சீருடை தைத்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, உறுதிமொழி வாங்கி, அவனைக் கௌரவக் காவலராகவே ஏற்றுக்கொண்டார்கள். சில நாட்களில் அவன் இறந்துபோனான். காவலர் ஒருவருக்குரிய மரியாதையுடன் அவனை அடக்கம் செய்தார்கள். அந்தக் காவலர்களும் அவன் தாயாரும் சேர்ந்து தொடங்கியதே 'மேக்-எ-விஷ்' என்னும் அமைப்பு. பின்னர் பல நாடுகளிலும் அது பரவியது.

கதையின் முடிவு என் மகளின் முகத்தை வாட்டியதைக் கண்டு அந்தப் பெண் பதறிவிட்டார். "இங்கே நாங்கள் பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் நன்றாகிப் பள்ளிக்கூடம் போகிறார்கள் அம்மா" என்று கையைப் பற்றிக்கொண்டார். பிறகு குழந்தையிடம் திரும்பி, "உனக்கு என்ன வேணும்? எங்கேயாவது போகணுமா, யாரையாவது பார்க்கணுமா?" என்று கேட்டார். சினிமா நடிகர், விமானப் பயணம், கணினி என்று பெரியவர்கள் நாங்கள் மனத்துக்குள் ஊகித்துக்கொண்டிருந்தோம்.

"தேர் இழுக்கணும். தாத்தா எட்டு வயசுல இழுக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

இறைவனை நாடி வருவோர் நால்வகையினர் என்று கீதையில் கண்ணன் வகுக்கிறான்: துன்பத்தில் தவிப்பவன், பொருளை வேண்டுபவன், அறிய விழைபவன், ஞானி. முதல் இரண்டு வகையிலும் நான் அந்த ஆறு மாதத்தில் முதலிடம் பெற்றிருப்பேன். இந்தக் குழந்தை எந்த வகை என்று இன்றுவரையில் எனக்குப் பிடிபடவில்லை. நோய் தீர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஊசி வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை. சுவாமி வரும் வழியில் ஒரு கை கொடுக்க வேண்டும் என்றாள்.

நான் மறுத்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் பேர் வியர்வையில் நனைந்து பிடிக்கும் வடம் அது. யாருக்குச் சளி, யாருக்கு இருமல் என்று யார் கண்டது? கயிறு என்றாலே எனக்கு அந்நாட்களில் காலன் கைக் கயிறுதான் நினைவுக்கு வந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். அவள் வாதாடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால், "அடுத்த வருஷம் இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். ஆண்டைக் குறித்துக் கேட்டாளா, வேறெதையும் குறித்துக் கேட்டாளா என்று நான் வினவவில்லை.

முட்டுக்கட்டை என்றால் தடை என்று அகராதி பொருள் சொல்லும். தேரடியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: சக்கரத்தின் அடியில் அந்தக் கட்டையைச் சரியான இடத்தில் கொடுப்பவர் இல்லாவிட்டால் தேர் நிற்கவும் செய்யாது, திரும்பவும் செய்யாது. எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்று அறிந்தவனுக்கே அது கருவி. நான் நிறுத்த மட்டுமே அறிந்திருந்தேன்.

வழி சொன்னவர் மருத்துவர் அம்மையார்தாம். தேருக்கு இரண்டு நாள் முன்னதாகப் பரிசோதிப்போம், நியூட்ரோஃபில் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் ஊருக்குப் போகலாம், கூட்டத்துக்குள் மட்டும் கூடாது, முகக்கவசம் வேண்டும், காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் எந்த நேரமாயினும் தஞ்சாவூருக்குப் புறப்பட்டுவிட வேண்டும். அங்கே காட்டுவதற்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். தொண்டு அமைப்பின் இளம்பெண், வாங்கித் தரத்தக்க பொருள் எதுவும் இதில் இல்லையே என்று வருந்தி, கார் ஏற்பாட்டைத் தாம் ஏற்றுக்கொண்டார்.

கூட்டத்துக்குள் போகாமல் வடம் பிடிப்பது எப்படி? அதற்கு நான் ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அவர் எங்கள் ஊரில் வடம் பிடிப்போருக்கு முன்னின்று நடத்துபவர், என்னிடம் படித்தவரும்கூட. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் விழாக் குழுவில் இருந்தபோது அவர் என்னிடம் வந்து நின்றிருக்கிறார். பக்கவாதத்தில் படுத்திருந்த தந்தையாரைக் கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவரும் வரை மேல வீதியில் தேர் சற்று நிற்க முடியுமா என்று கேட்டார். "தேர் ஒருவருக்காக நிற்பதில்லை" என்று நான் அவருக்கு விடை சொன்னேன். அந்த வாக்கியத்தில் எனக்கு அன்று பெருமிதமும் இருந்தது. கட்டில் வாசலுக்கு வந்தபோது தேர் கடந்துவிட்டது. அடுத்த தேருக்கு அந்தப் பெரியவர் இல்லை.

இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். செய்தியைச் சொல்லி முடித்ததும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நிக்கட்டும் சார். சாமிக்கு என்ன அவசரம்? உங்க வாசல்ல நம்ம பக்கத்து வடத்தை விட்டுட்டு எல்லாரும் எதிர்ச் சாரிக்குப் போயிடுறோம். பாப்பா வந்து பிடிக்கட்டும். முன்னால அறுபதடி தள்ளி நாங்க இழுத்துக்கிறோம்" என்றார்.

பரிசோதனையில் எண்ணிக்கை 1,240 வந்தது. அந்த எண்ணை நான் ஒரு மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

தேரன்று காலை பத்தரை மணியளவில் நாகசுரம் தெற்கு வீதி முனையில் கேட்டது. வாசலை இரண்டு முறை கழுவிவிட்டிருந்தோம். குழந்தை பாவாடை சட்டையும், மொட்டைத் தலையில் பருத்தித் தொப்பியும், முகக்கவசமுமாகத் திண்ணையில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு நேராகத் தேர் வந்ததும் முட்டுக்கட்டைப் பெரியவர் குனிந்தார். தேர் குலுங்கி நின்றது. வீட்டுப் பக்கத்து வடத்தைப் பிடித்திருந்தவர்கள் அதைத் தரையில் தாழ விட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக எதிர்ச் சாரி நிழலுக்கு நகர்ந்தார்கள். யாரும் தள்ளவில்லை. ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் வடம். ஒருமுறை பிடித்தால் நிலை சேரும் வரை விடாதவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். இருமல் வந்த ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் ஓடியதை நான் பார்த்தேன்.

தேர்த் தட்டிலிருந்து குருக்கள் புது வேட்டி ஒன்றைக் கீழே கொடுத்தார். வடம் நடத்துபவர் அதை வாங்கி, குழந்தை பிடிக்க வேண்டிய இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு விலகிப் போனார். கயிற்றின் நார் கையில் கீறிவிடக் கூடாது என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் இறங்கி வந்தாள். ஒரு பக்கம் அவள் தாய், ஒரு பக்கம் மாப்பிள்ளை. வடம் அவள் கைப்பிடிக்கு அடங்கவில்லை; இரண்டு கைகளாலும் அணைத்தாற்போல் பிடித்தாள். "ஹர ஹர மகாதேவா!" என்று முன்னாலிருந்து குரல் எழுந்தது. வடம் விறைத்தது. தேர் ஒரு முனகலோடு அசைந்தது. அவள் நடந்தாள். எங்கள் வாசலிலிருந்து மூன்றாம் வீடு வரையில், நாற்பது அடி இருக்கும். அவ்வளவு பேரும் எதிரே பேசாமல் நடந்துவந்தார்கள். மூன்றாம் வீட்டு வாசலில் தானாகவே கையை விட்டு, "போதும்" என்றாள்.

அந்த நாற்பது அடியும் நான் கைகழுவும் மருந்துக் குப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். என் கண்கள் அவள் கைகளை விட்டு அகலவில்லை. அன்று நான் சுவாமியை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை என்பது தேர் வடக்கு வீதி திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மாலையில் தேர் நிலைக்கு வந்த பிறகு அவரைத் தேடிச் சென்றேன். அவர் தந்தையாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் தரையைப் பார்த்தவாறே, "அப்பா ஒண்ணும் சொல்லலை சார். பின்பக்கம் பார்த்தாலும் தேர்தானேடான்னார்" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

அன்றிரவு மணிக்கொரு தரம் உடல்வெப்பம் பார்த்தோம். ஒருமுறை 99.2 காட்டியது. என் மனைவி தஞ்சாவூருக்கான பையை வாசலில் வைத்துவிட்டாள். விடியலில் 98.4. பத்து நாட்கள் கழித்து, சென்னையில் அடுத்த சுற்று மருந்துக்குப் பிறகு, காய்ச்சல் வந்தது. ஐந்து நாட்கள் மருத்துவமனையில் கிடந்தாள். தேரினால் வந்ததா என்று நான் கேட்டபோது மருத்துவர், அணுக்கள் குறையும்போது பெரும்பாலும் நம் உடலுக்குள்ளேயே இருக்கும் கிருமிகள்தாம் தலையெடுக்கின்றன, இது மருந்தோடு வருவது என்றார். அந்த ஐந்து இரவுகளும் நான் உறங்கவில்லை. இப்போதும் அந்தக் கேள்வி சில இரவுகளில் என்னை எழுப்பிவிடும்.

இரண்டரை ஆண்டு மருத்துவம் நிறைந்து ஓர் ஆண்டாகிறது. பேத்திக்கு இப்போது பதினொரு வயது. இன்னும் சில ஆண்டுகள் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும்; முற்றிலும் குணம் என்னும் சொல்லை மருத்துவர் இதுவரை உச்சரிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முடி முன்னைவிட அடர்ந்து, சுருட்டையாக வளர்ந்திருக்கிறது.

சென்ற தை மாதம் வேண்டுதலை நிறைவேற்ற வைத்தீஸ்வரன்கோயில் சென்றோம். சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, மிளகும் உப்பும் செலுத்தி, முடி இறக்கும் இடத்துக்கு வந்ததும் குழந்தை இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை கொடுத்தாச்சே பாட்டி."

"அது மருந்துல போனதுடி. சாமிக்குக் கொடுத்தது ஆகுமா?"

"எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என் மனைவிக்கு விடை தெரியவில்லை. பழைய தாள் மடிப்பைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். அவ்வளவு நாளும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அதையே காணிக்கையாகச் செலுத்தினோம். மனம் ஒப்பாமல் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்ததால், நான் போய்ப் பலகையில் உட்கார்ந்து என் தலையைக் குனிந்து கொடுத்தேன். இறக்குவதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை. கத்தி இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது. பேத்தி சந்தனத்தைக் குழைத்து என் தலையில் தடவிக்கொண்டே, "இது அரை வேண்டுதல்தான் தாத்தா, கணக்குல வச்சுக்கோங்க" என்றாள்.